வளையல்காரிகள் உட்காரும் திடலில் மதில் எழுப்பலாகாது என்பது பற்றி

அனுப்புநர்:
ப. துளசிங்கம்,
உரிமையாளர், துளசி மார்க் கோலி சோடா கம்பெனி,
மலையடிவாரம், திருத்தணி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், காஞ்சிபுரம்.

பொருள்: திருத்தணி மலையடிவாரப் புறம்போக்குத் திடலில் வளையல் விற்கும் முஸ்லிம் பெண்களை அப்புறப்படுத்திவிட்டு, அதே பெண்களைக் காப்பாற்றுவதற்கென்று அதே திடலில் மதில் சூழ்ந்த இல்லம் கட்ட ஒரு வெளிநாட்டு நிதியம் இடம் கேட்டிருப்பது, அதில் தாங்கள் கையெழுத்திடக் கூடாது என வேண்டுவது.

பெருமைக்குரிய கலெக்டர் ஐயா அவர்களுக்கு, வணக்கத்துடன் தெரிவித்துக்கொள்வது:

1. இதை எழுதுகிறவன் இன்னான் என்று தெரிந்தால்தான் இதிலுள்ள விஷயத்துக்கு உரிய மதிப்பு கிடைக்கும் என்பதால், முதலில் என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் தேர்டு பாரம் வரை படித்தவன். அதற்கு மேல் படிக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. என் சோடாவைக் குடிக்காமல் இந்த மலையில் ஏறிய மந்திரியும் கிடையாது, நீதிபதியும் கிடையாது. ரேணிகுண்டாவிலிருந்து அரக்கோணம் வரை சோடா மாமா என்று கேட்டால் கைக்குழந்தைகூட வழி சொல்லும். தமிழ், தெலுங்கு இரண்டும் எனக்குத் தாய்மொழி. இந்துஸ்தானி காது வழியாக வந்தது. ஆங்கிலமோ, அரக்கோணம் ரயில்வே துரைமார்களுக்குச் சோடா சப்ளை செய்த காலத்தில் அவர்கள் வாயிலிருந்தே நேராக வாங்கியது. ஆகையால் கலப்படம் இல்லாதது. அந்த ஆங்கிலத்தை முன்னிட்டுத்தான் இந்த விவகாரத்துக்குள் நான் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்ல, அழைக்கப்பட்டேன்.

2. உலக மகளிர் உயர்வு நிதியம் என்ற பெயருள்ள ஸ்தாபனம் சென்ற தை மாதம் ஒரு வெள்ளை ஜீப்பில் திருத்தணிக்கு வந்து இறங்கியது. தலைவி, மிஸஸ் பெல்ஹாம் என்னும் துரைசானி அம்மாள். உதவி அதிகாரி, சென்னைவாசியான இளங்கோவன், எம்.ஏ. இந்த இளங்கோவனுக்குச் சொந்த அபிப்பிராயம் என்று ஒன்றுகூட இருந்து நான் பார்க்கவில்லை. துரைசானி வானத்தைப் பார்த்தால் இவர் குடையை விரிப்பார். கீழ்த்திசை முஸ்லிம் பெண்களை இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது தங்கள் நோக்கம் என்று இருவரும் என் கம்பெனி பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார்கள். சொன்ன நேரம் சாயங்காலம். அவர்கள் முதுகுக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில், சாயபுமார் தெருப் பெண்கள் அத்தனை பேரும் பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு வளையல் விற்றுக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை.

3. அந்தத் திடலைப் பற்றித் தாங்கள் அறிய வேண்டும். ரயிலடியிலிருந்து வருகிற சாலை மலைப்படிக்குத் திரும்பும் முனையில், என் கம்பெனிக்குக் கீழண்டை இருக்கிறது. ரயில் பாதை போடுவதற்கு முன்பே அங்கே வளையல் விற்றார்கள் என்று நான் சொன்னால் தாங்கள் தாராளமாக நம்பலாம். மாலையில்தான் இங்கே கடை. காலையில் கூடையை இடுப்பிலும் வளையல் சரத்தைத் தோளிலும் ஏற்றிக்கொண்டு ஒருத்தி மணவூர், ஒருத்தி அம்மையார்குப்பம், ஒருத்தி எல்லை தாண்டி நகரி என்று பிரிந்துபோய், வீடு வீடாக உட்கார்ந்து வளையல் போட்டுவிட்டுத் திரும்புவார்கள். இவர்களுக்கெல்லாம் மூத்தவர் ஜைத்தூன் பீ. அம்மையார்குப்பத்தில் எந்த நெசவுக்காரர் வீட்டில் தலைப்பிள்ளைக்கு வளைகாப்பு என்றாலும், ஜைத்தூன் பீ வந்து முதல் ஜோடியை ஏற்றிய பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம். அவர் கை ராசி அப்படி. அவர் பிஸ்மில்லா சொல்லித்தான் வளையலை ஏற்றுவார். பிள்ளைத்தாய்ச்சியின் மாமியார் பக்கத்தில் நின்று முருகா முருகா என்பார். இதனால் இரண்டு பக்கத்துக் கடவுளும் கோபித்துக்கொண்டதாக எனக்குத் தகவல் இல்லை. என் மகள் பத்மாவின் வளைகாப்பன்று ஜைத்தூன் பீ நகரியில் மாட்டிக்கொண்டு வரத் தாமதமாகிவிட்டது. ராகுகாலம் நெருங்குகிறது என்று புரோகிதர் அவசரப்படுத்தினார். என் சம்சாரம் வரலட்சுமி, அந்தம்மா வராமல் ஒரு வளையலும் ஏறாது, ராகுகாலத்தை வேண்டுமானால் நிற்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டாள். நின்றது. என் பேரன் இன்று குஸ்தி பயில்வான் மாதிரி இருக்கிறான்.

4. தாலுகாவில் சரிபாதிப் பெண்களின் மணிக்கட்டு அளவைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய இந்தப் பெண்மணியைத்தான் இருட்டறையிலிருந்து மீட்கப்போவதாக இவர்கள் புறப்பட்டார்கள். இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்று நான் ஆராய்ந்து பார்த்தேன். ஜீப்பின் முன் இருக்கையில் அட்டை உரிந்த தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தப் பக்கம் முகாம் வந்த ஒரு துரை எழுதியது. அதில் முகமதியர் என்ற தலைப்பில் ஒரு பக்கம். சோம்பேறிகள், மதவெறி கொண்டவர்கள், விதி என்று உட்கார்ந்துவிடுகிறவர்கள், பெண்களைப் பூட்டி வைப்பவர்கள், வெளியாள் வந்து தள்ளினால் ஒழிய நகரமாட்டார்கள் என்று வரிசையாக எழுதியிருந்தது. துரைசானி அதைப் பென்சிலால் அடிக்கோடு போட்டு வைத்திருந்தார். இளங்கோவன் அதை எனக்கு வாசித்துக்காட்டி, பார்த்தீர்களா, இன்றும் அப்படியே பொருந்துகிறது என்று மெய்சிலிர்த்தார்.

5. அந்தத் துரையின் முகாமில் கூடாரம் அடித்த லஸ்கர் வேறு யாருமில்லை, என் பாட்டனார் கோதண்டம். பாட்டனாரைக் கேட்காமல் துரை ஒரு வரி எழுதியதில்லை என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அறிந்த விஷயம். அந்த ஒரு பக்கத்தை மட்டும் கேட்காமல் எழுதிவிட்டார். நடந்தது இதுதான். துரையின் குதிரைக்கு லாடம் கழன்றுவிட்டது. லாடம் அடிக்கிற சாயபுவைக் கூப்பிட ஆள் போனது. அன்று வெள்ளிக்கிழமை, சாயபு ஜும்மா தொழுகை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியனுப்பினார், முடித்தார், வந்தார், அடித்தார். அதற்குள் துரைக்குப் பொறுக்கவில்லை. மேசையை இழுத்துப்போட்டு ஒரு ஜாதி ஜனத்தையே சோம்பேறி, மதவெறியர் என்று எழுதி மையொற்றிவிட்டார். ஒரு குதிரைக்காக வந்த கோபம் இத்தனை காலம் புத்தகத்துக்குள் உட்கார்ந்திருந்து, வெள்ளைக்காரன் கப்பலேறி இருபத்தேழு வருஷம் கழித்து, ஜீப்பில் ஏறி மறுபடி எங்கள் ஊருக்கு வந்திருக்கிறது. அப்போது அதற்கு ஆட்சி என்று பெயர். இப்போது உதவி என்று பெயர். அப்போதாவது லாடத்துக்குக் கூலி கொடுத்தார்கள்.

6. கணக்கெடுப்பு என்ற பெயரில் ஒரு நாள் பகல் பத்து மணிவாக்கில் சாயபுமார் தெருவுக்குப் போனோம். தெரு காலியாக இருந்தது. வியாபாரத்துக்குப் போன பெண்கள் பகல் பத்து மணிக்கு வீட்டில் எப்படி இருப்பார்கள்? துரைசானி நடுத்தெருவில் நின்று நெஞ்சில் கை வைத்து, எத்தனை பெண்கள் இந்தக் கதவுகளுக்குப் பின்னால் என்றார். லேடீஸ் எல்லாரும் பிசினசுக்குப் போயிருக்கிறார்கள் மேடம் என்று நான் சுத்தமான ஆங்கிலத்தில் தெரிவித்தேன். குழந்தை உளறினால் சிரிப்போமே, அந்த மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார். பயத்தினால் ஊர்க்காரர்கள் இப்படித்தான் மறைப்பார்கள் என்று இளங்கோவன் விளக்கம் சொன்னார். ஜைத்தூன் பீ வீட்டுக் கதவைத் தட்டியதும் அவர் புருஷன் பாபாஜான் குழம்புக் கரண்டியோடு வெளியே வந்தார். அந்த வீட்டில் பகல் சமையல் அவருடையது. ஓய்ந்த நேரத்தில் குடை ரிப்பேர் செய்வார். பெண்களைப் பூட்டி வைக்கிற கொடுங்கோலனை நேரில் பார்க்க வேண்டும் என்று வந்தவர்கள், அவர் கையிலிருந்த கரண்டியைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

7. அந்த வீட்டுக்குள் திரைக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தது உண்மை. ஜைத்தூன் பீயின் மருமகள் கமருன்னிசா. லாரி ஓட்டிய அவள் புருஷன், அதாவது ஜைத்தூன் பீயின் ஒரே மகன், கார்த்திகை மாதத்தில் புத்தூர் ரோட்டில் விபத்தில் இறந்துவிட்டான். புருஷனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் வீட்டில் இருப்பது அவர்கள் வழக்கம், இத்தா என்பார்கள். கெடு முடிந்தால் குளித்துவிட்டு வெளியே வந்து தன் வேலையைப் பார்க்கலாம். பாபாஜான் கை கூப்பி, “அது இப்ப வெளிய வராதும்மா, இத்தாவுல கீது” என்றார். நான் காரணத்தையும் சேர்த்து முழுசாக மொழிபெயர்த்தேன். வெளியே வராது என்பது வரைக்கும் எழுதிக்கொண்டு இளங்கோவன் பேனாவை மூடிவிட்டார். நாங்கள் படியிறங்குவதற்குள் துரைசானி திரை விலகிய இடுக்கு வழியாகக் கமருன்னிசாவைப் போட்டோ எடுத்துக்கொண்டார். கேட்டு எடுக்கவில்லை.

8. அதே நாள் சாயங்காலம் துரைசானி என் வீட்டுக்கு வந்து காபி சாப்பிட்டார். என் தங்கை மணியம்மை புருஷன் போன பிறகு ஒரு வருஷம் எங்கள் வீட்டு உள்ளறையை விட்டு வரவில்லை. எங்கள் ஜனத்திலும் அதுதான் வழக்கம். அப்போது அவள் துக்கத்துக்கு எட்டாவது மாதம். அவளைக் கதவருகே பார்த்த துரைசானி குரலைத் தாழ்த்தி, இந்தியப் பெண்ணின் துக்கத்தில் எப்பேர்ப்பட்ட கண்ணியம் என்று சொல்லி அப்படியே எழுதிக்கொண்டார். ஐயா, என் வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு தெரு. இந்தப் பக்கம் கண்ணியமாக இருந்தது அந்தப் பக்கம் போனதும் சிறையாகிவிடுகிறது. அங்கே நான்கு மாதம், இங்கே ஒரு வருஷம் என்று நான் எடுத்துச் சொன்னேன். அது வேறு விஷயம் என்றார்கள். எப்படி வேறு என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

9. பிறகு சுகாதாரப் பாடம். கை கழுவுவது எப்படி என்று ஆளுயரப் படம் ஒன்றைக் கொண்டுவந்து பள்ளிவாசல் வாசலில் மாட்டினார்கள். ஒரு நாளைக்கு ஐந்து வேளை கை, முகம், கால் கழுவிவிட்டுத் தொழுகிற ஜனத்துக்கு, அவர்கள் கழுவுகிற தொட்டிக்கு எதிரிலேயே பாடம் நடந்தது. பாங்கு சொல்லும் மோதினார் அமானுல்லா சாயபு பாடம் முடிகிறவரைக்கும் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அம்மா, கால வுட்டுட்டீங்க, அதயும் கழுவச் சொல்லுங்க” என்றார். துரைசானி அதை நல்ல யோசனை என்று குறித்துக்கொண்டார். இன்னும் ஒரு சங்கதி. பெண்களை வெளியே விட மோதினார்தான் அனுமதி தர வேண்டும் என்று புத்தகத்தில் இருந்ததோ என்னவோ, அனுமதிக் கடிதம் ஒன்றில் அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவர் மிரண்டுபோய், “ஜைத்தூன் பீக்கு நான் பர்மிசன் குடுக்கறதா? அந்தம்மா எதிர்ல ஒக்காந்து நான் ஒரு வார்த்த பேசினது இல்லீங்க” என்று பின்வாங்கிவிட்டார். மதத் தலைவர் ஒத்துழைக்க மறுத்தார் என்று அதுவும் எழுதப்பட்டது.

10. கடைசியில், ஒருவழியாக, ஜைத்தூன் பீயையே நேரில் பேட்டி காண வந்தார்கள். திடலில் அவர் பாய்க்கு எதிரில் மடக்கு நாற்காலி போட்டுத் துரைசானி உட்கார்ந்தார். நான் நடுவில் நின்றேன். வெளியே வர உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்பது முதல் கேள்வி. நான் அட்சரம் பிசகாமல் சொன்னேன். ஜைத்தூன் பீ என்னைப் பார்த்து, “இன்னா அண்ணா, செக்கிங் மாஸ்டர் மாதிரி கேக்குது இந்தம்மா” என்றார். பக்கத்துப் பாய்க்காரிகள் சிரித்தார்கள். துரைசானி அதே கேள்வியை மெதுவாக, காது கேளாதவரிடம் கேட்பது போல, மறுபடி கேட்டார். அப்போது ஜைத்தூன் பீ சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னதை நான் வார்த்தை மாற்றாமல் தங்களுக்குத் தருகிறேன்:

“எனக்குக் கண்ணாலம் ஆன நாள்லேந்து கூடையத் தூக்கிகினு போய்கினு கீறேன். யார் வுட்டாங்கன்னு இன்னிக்குத்தான் ஒருத்தர் கேக்கறாங்க.”

பிறகு, வந்தவரை வெறுங்கையாக அனுப்பக் கூடாது என்று துரைசானியின் கையைப் பிடித்துப் பச்சை வளையல் ஏற்றப் பார்த்தார். கை கட்டையாக விறைத்துக்கொண்டது. “என்னாண்ட குடுத்துட்டுச் சும்மா இரும்மா, வலிக்காது” என்று ஜைத்தூன் பீ பச்சைக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லியும், அந்த அம்மாள் கையை உருவிக்கொண்டு எழுந்துவிட்டார். பேட்டியின்போது ஓர் இந்து ஆண் உடனிருந்ததால் அந்தப் பெண் மனம் திறந்து பேச அஞ்சினார் என்று இளங்கோவன் எழுதினார். அஞ்சியது யார் என்பதற்குத் திடல் முழுக்கச் சாட்சி இருக்கிறது. என் துபாஷி உத்தியோகமும் அன்றோடு முடிந்தது. அவர்கள் நிறுத்துவதற்கு முன்பே நான் நின்றுவிட்டேன் என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

11. சித்திரையில் அவர்கள் நாட்டில் அச்சடித்த வர்ணப் புத்தகம் ஒன்று வந்தது. பணம் திரட்டுவதற்காக அங்குள்ள ஜனங்களுக்குக் கொடுப்பதாம். முன்பு பழகிய தோஷத்துக்கு எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார்கள். அட்டையில் கமருன்னிசா. திரை இடுக்கில் ஒரு கண்ணும் பாதி நெற்றியும். சிறு வயது முதல் சூரியனைக் காணாதவள் என்று கீழே எழுதியிருந்தது. ஐயா, அவள் நகரியில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்பு அவளும் அவள் தாயும் சத்தரவாடா ஏரிக்கரையில் வெயிலில் நடந்து வளையல் விற்றதை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் புத்தகத்தை ஜைத்தூன் பீயிடம் காட்டலாமா வேண்டாமா என்று யோசித்து, பிறகு காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நான் ஏதேதோ ஆறுதல் சொன்னேன். கடைசியில், “எம் புள்ள செத்த வூடு இது. அத எழுதலியா அண்ணா?” என்று கேட்டார். எழுதவில்லை என்றேன். புத்தகத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். அன்றைக்கு அவர் கடை போடவில்லை.

12. இனி விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் மேசையில் இருக்கும் கோப்பில், முஸ்லிம் மகளிர் கூட்டம் கூடி ஏகமனதாக இந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார்கள் என்று எழுதியிருக்கும். அந்தக் கூட்டம் நடந்த லட்சணத்தைச் சொல்கிறேன். ஆனி மாதம் ஒரு சாயங்காலம், அடிவாரச் சத்திரத்துக் கூடத்தில் நடந்தது. முஸ்லிம் பெண்கள் ஆண்கள் முகம் பார்த்துப் பேசமாட்டார்கள் என்று புத்தகத்தில் இருந்தபடியால், கூடத்தின் குறுக்கே இரண்டு படுக்கை விரிப்புகளை ஆணியடித்துத் திரை கட்டினார்கள். தினமும் காலை முதல் ஆந்திராக்காரரிடமும் மதராஸ்காரரிடமும் பேரம் பேசுகிற பெண்களைத் திரைக்கு அந்தப் பக்கம் உட்காரச் சொன்னார்கள். இந்துக்கள் இருந்தால் பயப்படுவார்கள் என்று எங்களையெல்லாம் வெளியே அனுப்பினார்கள். கூப்பிட்டவர்கள் மனம் நோகக் கூடாது என்று பெண்கள் மரியாதைக்காகப் போய் உட்கார்ந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம்தான் கூடத்தின் பின்வாசல். இளங்கோவன் விடுதலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துத் திருப்பதி பாசஞ்சர் வந்துவிட்டது. மொட்டையடித்துக்கொண்டு திரும்புகிற குடும்பங்கள் வழியில் இங்கே இறங்கி மலையேறிவிட்டுப் போவது வழக்கம். வந்தால் வளையல் வாங்காமல் போகமாட்டார்கள். பெண்கள் ஒவ்வொருவராகப் பின்வாசல் வழியாக இறங்கித் திடலுக்கு வந்து பாயை விரித்துவிட்டார்கள். கடைசியாக வந்த ஜைத்தூன் பீ, “பாவம், அந்தப் புள்ள நல்லாத்தான் பேசிகினு கீது, எங்களுக்குத்தான் வண்டி வந்திட்ச்சி” என்று என்னிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

13. அதற்குப் பிறகும் இளங்கோவன் படுக்கை விரிப்பைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார். ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். நடுநடுவே நிறுத்தி ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்பார். பதில் வராது. அந்த மௌனம் நெஞ்சைப் பிழிகிறது என்று துரைசானி கண்ணைத் துடைத்துக்கொள்வார். முடிவில், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்றார் இளங்கோவன். விரிப்பு என்ன ஆட்சேபணை சொல்லும்? ஏகமனதாக ஒப்புதல் என்று எழுதிவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய்த் திரையைத் தூக்கிக் காட்டினேன். அந்தப் பக்கம் காலி டீ கிளாஸ்களைத் தவிர யாருமில்லை. துரைசானி ஒரு நிமிஷம் பார்த்தார். இப்போதாவது விளங்கியிருக்கும் என்று நினைத்தேன். அவர் சொன்னது இது: ஐயோ, யாரோ மிரட்டி அழைத்துப்போய்விட்டார்கள்.

இந்த மாதிரி ஜனத்தை என்ன செய்ய முடியும்? பெண்கள் வெளியே இருந்தால் மிரட்டி அனுப்பியது, உள்ளே இருந்தால் பூட்டி வைத்தது, பேசினால் யாரோ சொல்லிக்கொடுத்தது, பேசாவிட்டால் சம்மதம். எண்ணெய் தடவிய கண்ணாடியைக்கூட ஒரு துடைப்பில் துடைத்துவிடலாம். படிப்பினால் வந்த குருட்டுத்தனத்துக்கு மருந்து கிடையாது. இந்துஸ்தானத்தில் எத்தனையோ முட்டாள்களுக்கு நான் சோடா ஊற்றியிருக்கிறேன். இவ்வளவு செலவு செய்துகொண்டு கடல் தாண்டி வந்த முட்டாள்தனத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

14. கட்டப்போகிற இல்லத்தின் வரைபடத்தையும் பார்த்தேன். கையைத் தூக்கிய ஆள் உயரத்துக்கும் மேலே மதில். சாலைப் பக்கம் ஜன்னல் கிடையாது. ஒரே கேட், அதற்குக் காவலாள். பெண்களைக் காலையில் திரை போட்ட வேனில் கொண்டுவந்து, தையல் சொல்லிக்கொடுத்து, சாயங்காலம் அதே வேனில் கொண்டுபோய் விடுவார்களாம். தெருவில் உட்கார்ந்து வளையல் விற்பது ஆண்கள் கட்டாயப்படுத்தும் இழிவு என்பதால், இல்லத்தில் சேருகிறவர்கள் அதை விட்டுவிட வேண்டுமாம். சேராதவர்களுக்கும் திடல் இருக்காது. செங்கல் சூளை பரசுராமன் மதில் வேலைக்குப் பேசி வைத்திருக்கிறார். இவ்வளவு நாளும் சாயபுமார் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர், இப்போது அந்தப் பெண்கள் படும் பாட்டை நினைத்தால் தூக்கம் வரவில்லை என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அந்தப் பெண்கள் கேட்டதும் ஒன்று உண்டு. திடலுக்கு ஒரு குடிதண்ணீர்க் குழாய்; கிருத்திகைக் கூட்டத்தில் பெண்கள் ஒதுங்க ஒரு கக்கூஸ்; மழைக்கு ஒரு தகரக் கூரை. என் மூலமாகவே கேட்டார்கள். அது எங்கள் திட்டத்தில் இல்லை என்று துரைசானி சொல்லிவிட்டார். உதவி என்றால் கேட்டதைக் கொடுப்பது என்று நான் இத்தனை வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

15. கமருன்னிசாவுக்குப் பங்குனியிலேயே இத்தா முடிந்துவிட்டது. லாரிச் சம்பளம் நின்றுபோன வீடு. கையில் பெண் குழந்தை. ஜைத்தூன் பீ தன் பாயில் பாதியை ஒதுக்கி, திடலில் முதல் இடத்தை மருமகளுக்குக் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம் ஆடிக் கிருத்திகைக்கு அவள் தனிக் கடை போட வேண்டும். காவடியோடு வருகிற லட்சம் ஜனத்தில் பாதிப் பேர் பெண்கள். அந்த மூன்று நாள் வியாபாரத்தை வைத்துத்தான் இந்தத் தெருவில் ஆறு மாதம் அடுப்பு எரிகிறது. சென்ற வாரம் இளங்கோவன் அளவு நாடாவோடு வந்து, அவள் பாய் மேலேயே முளை அடிக்கச் சொன்னார். பயப்படாதே அம்மா, கூடிய சீக்கிரம் உனக்கு விடுதலை என்று தைரியமும் சொன்னார். கமருன்னிசா அதிர்ந்து பேசுகிற பெண் இல்லை. பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்தபடியே அவள் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்:

“எம் புருசனுக்காவ நாலு மாசம் உள்ள இருந்தேன் சார். உங்களுக்காவ எதுக்கு இருக்கணும்?”

முளை அடிக்க வந்தவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான். இளங்கோவன் மட்டும் நாடாவைப் பிடித்து அளந்துகொண்டுதான் போனார்.

16. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது: மேற்படி திடலை அந்த நிதியத்துக்கு ஒதுக்கும் கோப்பில் தாங்கள் கையெழுத்திடக் கூடாது. கூட்டத்தில் ஒப்புதல் பெற்றதாக உள்ள பக்கத்தைப் பொய் என்று தள்ளிவிட வேண்டும். வளையல் வியாபாரிகள் இப்போது உட்காருகிற இடத்திலேயே உட்கார ஆடிக் கிருத்திகைக்கு முன்பாக எழுத்து மூலம் உத்தரவு தர வேண்டும்.

தங்களுக்கு யோசனை சொல்ல நான் பெரியவன் அல்ல. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். இந்தப் பெண்கள் நாலு சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள், வெளியுலகம் பார்த்ததில்லை, சொந்தமாகச் சம்பாதிக்கத் தெரியாது என்று அந்த வர்ணப் புத்தகம் சொல்கிறது. இன்றைய தேதியில் அது முழுப் பொய். தாங்கள் கையெழுத்துப் போட்டு, பரசுராமன் மதிலை எழுப்பி, கேட்டில் காவலாள் நின்றுவிட்டால், அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யாக இருக்காது. அடுத்த புத்தகத்துக்கு அவர்கள் திரை இடுக்கைத் தேடி அலையவும் வேண்டியதில்லை.

17. இந்த மனுவில் கைரேகை வைக்கும்படி திடல் பெண்களிடம் நான் கேட்டேன். என் எழுத்தில் அவர்களுக்கு முழு நம்பிக்கை இருந்தும் வைக்க மறுத்துவிட்டார்கள். எங்களுக்காக இதுவரை பேசியவர்கள் போதும், நாங்களே நேரில் வந்து சொல்லிக்கொள்கிறோம் என்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை தாங்கள் மனு வாங்கும் நேரத்துக்கு ஜைத்தூன் பீ, கமருன்னிசா முதலானோர் முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் வந்து சேருவார்கள். தங்களுக்கு வேலை அதிகம் என்பது அறிவேன். எப்படியாவது அவர்களை முன்னதாகக் கூப்பிட்டுக் கேட்டு, பகல் பன்னிரண்டு மணிக்குள் அனுப்பிவிட வேண்டுகிறேன். சாயங்காலம் கடை இருக்கிறது.

இடம்: திருத்தணி
நாள்: 4-7-1974

தங்கள் நீதியை எதிர்பார்த்து நிற்கும்,
(ஒப்பம்) ப. துளசிங்கம்